தொட்டுப் பார்க்காத வைத்தியம்

மந்திரிகள் ஜில்லாவுக்கு வரும்பொழுதெல்லாம் நமது பொது ஊழியர்கள் மனுக் கொடுக்கிறார்கள். அம்மனுக்களில் வைத்திய வசதியைப் பற்றிய பகுதியை எடுத்துப் பார்த்தால், எந்தக் கட்சியினர் கொடுத்ததாயினும், பல்லவி ஒன்றுதான். தாலுகா ஆஸ்பத்திரிக்கு ஸ்கான் யந்திரம் வேண்டும். புதுக் கட்டிடம் வேண்டும். பெரிய டாக்டர்கள் வேண்டும். இவை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை; வேண்டியவையே. ஆனால், "எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் நோயாளியைப் படுக்க வைத்து, வயிற்றை அமுக்கிப் பார்த்து, காலைத் தூக்கிப் பார்த்து, அதன் பிறகு மருந்து எழுத வேண்டும், அதற்கு வேண்டிய நேரமும் இடமும் அவருக்குக் கொடுக்கப்பட வேண்டும்" என்று கேட்ட மனு ஒன்றையாவது நாம் இதுவரை கண்டதில்லை. யந்திரத்துக்குத் திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு. டாக்டரின் கை நோயாளியின் வயிற்றின் மேல் படுவதற்கு விழா எடுப்பார் எவருமில்லை.

ஏழைக்கும் எட்டக்கூடிய வைத்திய சாதனம் ஒன்று உண்டென்றால் அது தேக பரிசோதனைதான். டாக்டரின் கண், காது, விரல்கள், ஒரு ஸ்டெதாஸ்கோப், ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, ஒரு கை விளக்கு. இவ்வளவே அதற்கு மூலதனம். இந்த மலிவான சாதனம் நம் கண்ணெதிரே கொஞ்சம் கொஞ்சமாக வழக்கொழிந்து வருகிறது. இதை மீட்பது டாக்டர்களின் காரியம் என்று அரசியல் ஊழியர்கள் ஒதுங்கி நிற்பதற்கில்லை என்பதே நாம் இன்று வற்புறுத்த விரும்பும் விஷயம்.

நமது அச்சுக்கூடத்தில் புஸ்தகம் கட்டும் பகுதியில் இருபது வருஷங்களுக்கு மேலாக வேலை பார்த்து வரும் பெரியவர் ஒருவருக்குச் சர்க்கரை வியாதி உண்டு. அவருடைய மகன், தகப்பனாரிடம் உள்ள பிரியத்தினால், பல ஆயிரம் ரூபாய் கட்டி, நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் "முழு உடல் பரிசோதனை" செய்வித்தார். விடியற்காலையில் போனவர் மத்தியானம் திரும்பினார். ரத்தம் எடுத்தார்கள், படம் பிடித்தார்கள், குழாய்க்குள் படுக்க வைத்தார்கள். சுமார் நாற்பது பக்கத்தில் பளபளவென்று ஓர் அறிக்கை கைக்கு வந்தது. அதில் எது நல்லது, எது கெட்டது என்று விளங்காமல், தம் தெருவில் நெடுங்காலமாக வைத்தியம் பார்த்து வரும் டாக்டர் ஒருவரிடம் அவர் அதை எடுத்துச் சென்றார். டாக்டர் அறிக்கையை மேஜையின் ஓரத்தில் வைத்துவிட்டு, "முதலில் செருப்பைக் கழற்றுங்கள்" என்றாராம்.

வலது உள்ளங்காலில், பெருவிரலுக்குச் சற்றுக் கீழே, புஸ்தகம் தைக்கும் கம்பி ஒன்று ஏறி உள்ளே நின்றிருந்தது. சுற்றிலும் சீழ் கட்டத் தொடங்கியிருந்தது. "எத்தனை நாளாக வலி?" என்று டாக்டர் கேட்டார். "வலியே இல்லையே, ஐயா" என்றார் பெரியவர். அந்த ஆஸ்பத்திரியில் ஒருநாள் பொழுதில் ஆறேழு அறைகளுக்குள் அந்தக் காலோடுதான் அவர் நடந்து போய் வந்திருக்கிறார். ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. சர்க்கரை வியாதி நாட்பட்டால் பாதத்து நரம்புகள் மரத்துப் போகும். முள் குத்தினாலும் தெரியாது. புண் புரையோடி, விரலையும், பிறகு காலையும் எடுக்க வேண்டி வரும். இது டாக்டர்கள் எல்லோரும் அறிந்த பாடம். ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று அறிக்கையில் புள்ளி தவறாமல் எழுதியிருந்தது. உள்ளங்காலில் என்ன இருக்கிறது என்பதை அந்த எண் எப்படிச் சொல்லும்? தெரு டாக்டர் வாங்கிய கட்டணம் இருநூறு ரூபாய். கால் பிழைத்தது.

வக்கீல் தொழில் பழகிய நமக்கு இந்த விஷயம் வேறொரு விதமாகவும் தோன்றுகிறது. கோர்ட்டில் தஸ்தாவேஜுகளுக்கு உரிய மதிப்பு உண்டு. ஆயினும் தஸ்தாவேஜை மட்டும் வைத்துக்கொண்டு எந்த நீதிபதியும் சச்சரவுள்ள வழக்கை முடிப்பதில்லை. சாட்சி கூண்டில் ஏறி நிற்க வேண்டும். குறுக்கு விசாரணைக்கு உட்பட வேண்டும். சாட்சி சொல்லும்போது அவன் நடந்துகொண்ட விதத்தைக் குறித்துக்கொள்ளவும் சிவில் நடைமுறைச் சட்டம் நீதிபதிக்கு இடம் கொடுத்திருக்கிறது. வரப்புத் தகராறு என்றால் கமிஷனர் நேரே போய் வரப்பைப் பார்த்து அறிக்கை கொடுக்கிறார். நோயாளி சொல்வது வாக்குமூலம். ரத்தப் பரிசோதனைச் சீட்டு தஸ்தாவேஜு. தேகத்தைத் தொட்டுப் பார்ப்பதுதான் ஸ்தல பரிசோதனை. ஸ்தலத்தைப் பாராமல் தீர்ப்பு எழுதுவதை நிலத்தின் விஷயத்தில் ஒப்புக்கொள்ளாத நாம், உடம்பின் விஷயத்தில் பேசாமல் ஒப்புக்கொண்டு விடுகிறோம்.

தொட்டுப் பார்ப்பது நமக்குப் புதிதன்று. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்று எட்டு விதமாகப் பரிசோதிக்க வேண்டும் என்று சித்த வைத்தியர்கள் வகுத்து வைத்தார்கள். மேல்நாட்டில் 1761-ல் ஆவுவன்புருக்கர் என்பவர் மார்பைத் தட்டி, எழும் ஓசையைக் கொண்டு உள்ளே நீர் கோத்திருப்பதை அறியலாம் என்று எழுதினார். 1816-ல் பாரிஸ் நகரில் லான்னெக் என்ற டாக்டர் காகிதத்தைச் சுருட்டிக் குழாயாக்கி இருதயத்தின் ஓசையைக் கேட்டார். அதுவே ஸ்டெதாஸ்கோப்பின் பிறப்பு. பழமை என்பதற்காக இவற்றை நாம் போற்றவில்லை. பயனற்ற பழமையை விட்டுவிட வேண்டியதுதான். பயன் உண்டா, இல்லையா என்பதே கேள்வி.

சென்னை வைத்தியக் கல்லூரியில் படித்து, இன்று அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் ஆசிரியராக விளங்கும் டாக்டர் ஆபிரகாம் வர்கீஸ், நோயாளியின் அருகே நின்று பரிசோதிக்கும் கலையை மீட்க வேண்டும் என்று பல வருஷங்களாகப் போராடி வருகிறார். அவரும் அவருடைய சகாக்களும், தேக பரிசோதனையில் ஏற்பட்ட குறையினால் நோயாளிக்குத் தீங்கு நேர்ந்த 208 நிகழ்ச்சிகளை டாக்டர்களிடமிருந்தே திரட்டி 2015-ல் வெளியிட்டார்கள். அவற்றில் நூற்றுக்கு 63 நிகழ்ச்சிகளில் குற்றம் என்ன? தவறாகப் பரிசோதித்தார்கள் என்பதன்று; பரிசோதிக்கவே இல்லை என்பதுதான். திறமைக் குறைவுக்கு மேற்படிப்பு வேண்டும். பார்க்காமல் விட்டதற்கு என்ன மேற்படிப்பு வேண்டியிருக்கிறது? யந்திரங்கள் மலிந்த அமெரிக்காவிலேயே நிலைமை இப்படி.

நமது நாட்டில் நிலைமை என்ன? ஆரம்ப நிலை வைத்தியத்தில் டாக்டர் ஒரு நோயாளியுடன் செலவிடும் நேரத்தைப் பற்றி 67 நாடுகளிலிருந்து கணக்குத் திரட்டி 2017-ல் வெளியிட்டார்கள். ஸ்வீடனில் 22 நிமிஷத்துக்கு மேல். வங்காள தேசத்தில் 48 விநாடி. இந்தியாவில் சுமார் 2 நிமிஷம். இரண்டு நிமிஷத்தில் பெயரைக் கேட்கலாம், வியாதியைக் கேட்கலாம், மாத்திரை எழுதலாம். சட்டைப் பொத்தானைக் கழற்றுவதற்குக் கூட நேரம் போதாது. வெளியே அறுபது பேர் வரிசையில் நிற்கும்பொழுது உள்ளே இருக்கும் இளம் டாக்டரைக் குறை சொல்வதில் பயனில்லை. அவரை அந்த நாற்காலியில் அப்படி உட்கார வைத்த ஏற்பாட்டைத்தான் குறை சொல்ல வேண்டும்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். படித்த நண்பர்கள் சிலர் அதை நம்மிடமே சொல்லியிருக்கிறார்கள். "வருஷா வருஷம் எல்லோரையும் பரிசோதிப்பதால் ஆயுள் நீளுவதில்லை என்று ஆராய்ச்சியில் கண்டிருக்கிறார்களே?" என்கிறார்கள். உண்மை. டென்மார்க்கைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், இரண்டரை லட்சம் பேரை உட்கொண்ட 17 ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்து, நோயற்றவர்களைக் கூப்பிட்டுப் பொதுவாகச் செய்யும் பரிசோதனைகளால் மரணம் குறைந்ததாகத் தெரியவில்லை என்று 2019-ல் மீண்டும் உறுதி கூறினார்கள். கானடா தேசத்து நிபுணர் குழு ஒன்று 1979-லேயே, வருஷாந்தரப் பரிசோதனை என்ற சடங்கை விட்டுவிட்டு, அவரவர் வயதுக்கும் அபாயத்துக்கும் தக்கபடி குறிப்பிட்டவற்றை மட்டும் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டது.

இந்த ஆராய்ச்சிகள் நமது கட்சியைக் கெடுக்கவில்லை என்பதே நமது அபிப்பிராயம். காசு கொடுத்து வாங்கும் பொட்டலப் பரிசோதனையைத்தான் அவை சந்தேகத்துக்கு உள்ளாக்குகின்றன. யார் என்றே தெரியாத ஒருவருக்கு எல்லாவற்றையும் ஒரே நாளில் அளந்து, சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவது ஒரு காரியம். தம் பொறுப்பில் உள்ள குடும்பத்தினரை, ஜுரத்துக்கோ சளிக்கோ வந்தபொழுது, அவரவருக்கு வேண்டியதைப் பார்த்து, கண்டதைக் குறித்து வைத்து, அடுத்த தடவை தாமே தொடர்ந்து பார்ப்பது முற்றிலும் வேறு காரியம். இரண்டுக்கும் "பரிசோதனை" என்று ஒரே பெயர் வழங்குவதால் குழப்பம் நேருகிறது. பின்னதைச் செய்து காட்டிய ஒரு மனிதருடைய கதையைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம். நமது ஊழியர்கள் அறிய வேண்டிய கதை அது.

பிரிட்டனைச் சேர்ந்த வேல்ஸ் தேசத்தின் தென்பகுதியில் அவான் நதிப் பள்ளத்தாக்கில் கிளின்கோரக் என்று ஒரு கிராமம். நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்த ஜனங்கள் வாழ்ந்த ஊர். மொத்தம் சுமார் இரண்டாயிரம் பேர். அங்கே 1961-ல் டாக்டர் ஜூலியன் டூடர் ஹார்ட் என்பவர் குடும்ப டாக்டராக வந்து சேர்ந்தார். கேம்பிரிட்ஜில் படித்தவர், லண்டனிலேயே பெரிய பதவிக்கு முயன்றிருக்கலாம். கம்யூனிஸ்ட், பார்லிமெண்டுத் தேர்தலில் நின்று தோற்றவர். அவருடைய அரசியல் நமக்கு உடன்பாடா என்பது வேறு விஷயம். சுரங்கத் தொழிலாளிகளும் அவர்களுடைய மனைவிமாரும் நடு வயதிலேயே மாரடைப்பினாலும் பக்கவாதத்தினாலும் மடிவதை அவர் கண்டார். அவர்களில் பலருடைய ரத்த அழுத்தத்தை அதற்கு முன் ஒருவரும் அளந்து பார்த்ததில்லை.

ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி அன்றைக்குப் புதிதல்ல. இத்தாலியில் ரீவா-ரோச்சி 1896-லேயே அதைச் செய்தார். ரஷ்ய டாக்டர் கொரோட்காவ் 1905-ல் ஸ்டெதாஸ்கோப்பை முழங்கையின் மடிப்பில் வைத்துக் கேட்கும் முறையைக் கண்டார். அறுபது வருஷமாக மேஜை மேல் இருந்த கருவி. டூடர் ஹார்ட் செய்த புதுமை ஒன்றே ஒன்று: தம் பட்டியலில் உள்ள வயது வந்தவர் எவரையும் விடாமல் பார்ப்பது என்று தீர்மானித்தார். கைவிரல் காயத்துக்குக் கட்டுப்போட வந்தவனுக்கும் அழுத்தம் அளந்தார். வராமலே இருந்தவர்களுக்குக் கடிதம் போட்டார். அதற்கும் வராதவர்களின் வீட்டுக்கே போனார். 1968-ல் முறையாகத் தொடங்கி, ஊர் முழுவதையும் ஏறக்குறைய ஒருவர் விடாமல் அளந்து, 1970-ல் லான்ஸெட் பத்திரிகையில் கணக்கை வெளியிட்டார். உலகத்தில் ஒரு டாக்டர் தம் பொறுப்பிலுள்ள ஊர் முழுவதற்கும் இப்படிச் செய்தது அதுவே முதல் தடவை என்று சொல்லப்படுகிறது.

அளந்ததோடு அவர் நிற்கவில்லை என்பதைத்தான் கவனிக்க வேண்டும். அழுத்தம் மிகுந்தவர்களைக் கால் நூற்றாண்டு காலம் விடாமல் தொடர்ந்து பார்த்தார். புகை பிடிப்பவர்களோடு வாதாடினார். ஒவ்வொரு மரணம் நேர்ந்தபொழுதும், "இதை நாம் தடுத்திருக்கக் கூடுமா?" என்று தம் குறிப்புகளையே புரட்டிப் பார்த்து எழுதி வைத்தார். 1991-ல் அந்த இருபத்தைந்து வருஷக் கணக்கு வெளிவந்தது. இத்தகைய ஏற்பாடு இல்லாத பக்கத்துக் கிராமத்தோடு ஒப்பிட்டால், கிளின்கோரக்கில் அகால மரணங்கள் நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைவாயிருந்தன. பக்கத்துக் கிராமமும் அதே போன்ற ஏழ்மை நிறைந்த ஊர்தான். ஆஸ்பத்திரி ஒன்று புதிதாக எழும்பவில்லை. பெரிய யந்திரம் ஒன்றும் வந்து இறங்கவில்லை. ஒரு டாக்டரும் அவரோடு உழைத்த சிலரும், அழுத்தக் கருவியும், நோட்டுப் புஸ்தகமும்தான்.

ஒரே கிராமத்துக் கணக்கை வைத்து உலகத்துக்கே விதி செய்துவிட முடியாது என்று வக்கீல் நண்பர் ஒருவர் குறுக்கிடுவார். சரிதான், வேறு காரணங்களும் சேர்ந்திருக்கலாம். ஆனால் அந்த டாக்டருக்கு அது கைகூடியதற்கு ஆதாரமாக இருந்த ஏற்பாட்டை நாம் மறந்துவிடக் கூடாது. 1948 ஜூலை 5-ந் தேதி பிரிட்டனில் தேசிய சுகாதார சேவை ஏற்பட்டது. அதன்படி ஒவ்வொரு பிரஜையின் பெயரும் ஏதாவதொரு குடும்ப டாக்டரின் பட்டியலில் ஏறியது. பட்டியல் இருந்ததால்தான் வந்தவர் யார், வராதவர் யார் என்று அவரால் எண்ண முடிந்தது. பட்டியல் இல்லாத டாக்டர் வந்தவரை மட்டுமே அறிவார். வராதவர் அவருக்கு இல்லாதவரே.

1971-ல் அதே டூடர் ஹார்ட் லான்ஸெட்டில் மற்றொரு கட்டுரை எழுதினார். நல்ல வைத்தியம் யாருக்கு மிகவும் தேவையோ அவர்களுக்கே குறைவாகக் கிடைக்கிறது. வைத்தியம் சந்தைச் சரக்காக ஆக ஆக இந்த முரண் வலுக்கிறது என்பது அதன் சாரம். இங்கே நமது நகரங்களைப் பார்த்தால் அது விளங்கும். ஒரு வியாதியும் இல்லாத வியாபாரி வருஷத்துக்கு ஒரு முறை நாற்பது பக்க அறிக்கை வாங்கிக்கொள்கிறார். செங்கல் சூளையில் வேலை செய்யும் பெண்ணின் கீழ் இமையை இழுத்து, ரத்தம் இருக்கிறதா, வெளுத்திருக்கிறதா என்று பார்ப்பார் இல்லை. அதற்குச் செலவு ஒரு சல்லியும் கிடையாது.

நமது நாட்டுக்கும் இப்படி ஒரு திட்டம் இல்லாமலில்லை. சுதந்திரத்துக்கு முந்திய வருஷம், 1946-ல், ஸர் ஜோஸப் போர் தலைமையில் அமைந்த கமிட்டி தன் அறிக்கையை வெளியிட்டது. பணம் கொடுக்க முடியாத காரணத்தால் எவருக்கும் வைத்தியம் மறுக்கப்படலாகாது என்பது அதன் அஸ்திவாரக் கொள்கை. உடனடியாக 40,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். நாளடைவில் பத்தாயிரத்திலிருந்து இருபதாயிரம் பேருக்கு ஒன்று, அதில் 75 படுக்கைகள் என்று அது வகுத்தது. சிகிச்சையோடு நோய்த் தடுப்பையும் தன் கடமையாகக் கொள்ளும் சமூக டாக்டரை உருவாக்க வேண்டும் என்றது. 1952 முதல் நிலையங்கள் எழும்பின. இன்று சமவெளிப் பிரதேசங்களில் 30,000 பேருக்கு ஒரு நிலையம் என்பது விதி. கட்டிடம் வந்தது, டாக்டரும் பல இடங்களில் வந்துவிட்டார். இன்ன இன்ன குடும்பங்கள் இன்ன டாக்டரின் பொறுப்பு என்ற பட்டியல்தான் வரவில்லை.

இதன் பலன் எண்களில் தெரிகிறது. இந்தியாவில் சுமார் 22 கோடி பேருக்கு ரத்தக் கொதிப்பு உண்டென்றும், அவர்களில் நூற்றுக்கு 12 பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருக்கிறதென்றும் உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. டூடர் ஹார்ட் காலத்து வைத்தியர்களிடையே "பாதிக் கணக்கு" என்று ஒன்று வழங்கி வந்தது. கொதிப்புள்ளவர்களில் பாதிப்பேருக்குத்தான் அது இருப்பது தெரியும். தெரிந்தவர்களில் பாதிப்பேர்தான் மருந்து சாப்பிடுகிறார்கள். சாப்பிடுகிறவர்களில் பாதிப்பேருக்குத்தான் அது அடங்குகிறது. பாதியில் பாதியில் பாதி என்றால் எட்டில் ஒன்று, நூற்றுக்குப் பன்னிரண்டரை. அரை நூற்றாண்டுக்கு முன் அவர்கள் போட்ட கணக்கில்தான் நாம் இன்னும் நின்றுகொண்டிருக்கிறோம்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு மாதம் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" என்னும் திட்டம் இந்த விஷயத்தில் ஒரு நல்ல அடி என்பதில் சந்தேகமில்லை. வராதவரைத் தேடிப் போவது என்ற கொள்கையை ஒரு மாகாண ஸர்க்கார் ஏற்றுக்கொண்டது சாமானியமல்ல. வீடுதோறும் பெண் ஊழியர்கள் போய் அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள், மாத்திரையும் கொடுக்கிறார்கள். ஆனால் மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுவதால் இனி டாக்டரைப் பார்க்க வேண்டியதே இல்லை என்ற எண்ணம் ஜனங்களிடம் பரவிவிட்டால் அது விபரீதமாகும். அழுத்தம் அடங்கியவனுக்குக் கால் வீங்கியிருக்கலாம். சர்க்கரை அடங்கியவளுக்குக் கண் மங்கியிருக்கலாம். வீட்டுக்கு வரும் ஊழியர் வாசற்படி; டாக்டர் உள்ளே இருக்க வேண்டும்.

கண்ணும் கையும் கொண்டு பார்ப்பதனால் உயிர் பிழைக்கிறது என்பதற்கு வேல்ஸுக்குப் போகாமல் அண்டை மாகாணங்களிலேயே அத்தாட்சி இருக்கிறது. திருவனந்தபுரம் ஜில்லாவில் 1996-ல் தொடங்கிய ஆராய்ச்சி ஒன்றில், பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடுவீடாகச் சென்று ஜனங்களை வாயைத் திறக்கச் சொல்லி, விளக்கை அடித்துப் பார்த்தார்கள். வேறொன்றும் இல்லை. புகையிலை போடுகிறவர்களும் மது அருந்துகிறவர்களுமான கூட்டத்தில் வாய்ப் புற்றுநோயால் நேரும் மரணம் நூற்றுக்கு 34 பங்கு குறைந்தது என்று 2005-ல் லான்ஸெட்டில் வெளிவந்தது. பம்பாயில் டாட்டா நினைவு ஆஸ்பத்திரியார் ஒன்றரை லட்சம் பெண்களைக் கொண்டு இருபது வருஷம் நடத்திய ஆராய்ச்சி 2021-ல் வெளிவந்தது. பயிற்சி பெற்ற பெண் ஊழியர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மார்பைக் கையால் பரிசோதித்ததில், ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களிடையே மார்புப் புற்றுநோய் மரணம் ஏறக்குறைய நூற்றுக்கு 30 குறைந்தது. இளம் வயதினருக்கு அந்தப் பலன் காணப்படவில்லை என்பதையும் அவர்களே ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்கள். சாதாரண ஊழியரின் கைக்கே இவ்வளவு சக்தி இருக்குமானால், ஐந்தரை வருஷம் படித்த டாக்டரின் கை மேஜை மேல் சும்மா கிடப்பது எவ்வளவு பெரிய நஷ்டம்!

சரி, டாக்டர்கள் ஏன் தொடுவதில்லை? நேரம் போதாது என்பது முதல் காரணம். அதை மேலே சொன்னோம். இடம் இல்லை என்பது அடுத்தது. நாம் நேரில் கண்ட நிலையங்கள் சிலவற்றில் டாக்டரின் அறையிலேயே நான்கு பேர் நிற்கிறார்கள். ஐந்தாவது ஆள் கதவைத் திறந்துகொண்டு எட்டிப் பார்க்கிறான். பரிசோதனைப் படுக்கையின் மேல் காகிதக் கட்டுகளும் மருந்துப் பெட்டிகளும் அடுக்கியிருக்கின்றன. திரைச்சீலை கட்டும் கம்பி இருக்கிறது, சீலை இல்லை. அங்கே ஒரு ஸ்திரீயிடம் ரவிக்கையைத் தளர்த்தும்படி எந்த டாக்டர் சொல்லுவார்? சொன்னால் எந்த ஸ்திரீ இசைவாள்? துணைக்கு நர்ஸ் ஒருத்தி பக்கத்தில் நிற்காவிட்டால் டாக்டருக்கே பயம். ஆகவே இருவரும் மரியாதையைக் காத்துக்கொண்டு, நோயை மட்டும் உள்ளே விட்டுவிடுகிறார்கள்.

வக்கீல்களாகிய எங்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அதை மறைப்பது நியாயமாகாது. வைத்தியத் தொழிலும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டதே என்று 1995-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லிற்று. தீர்ப்பு சரியானது என்பதே நமது கருத்து. அஜாக்கிரதையால் கெட்டவனுக்கு நஷ்டஈடு வேண்டும். ஆனால் வழக்கு என்று வந்தால், "வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன், மிருதுவாக இருந்தது" என்று டாக்டர் சொல்வதை எதிர் வக்கீல் ஏளனம் செய்கிறார், "ஸ்கான் எடுத்தீரா?" என்று மேஜையைத் தட்டுகிறார். இதைக் கண்ட டாக்டர் அடுத்த நாள் முதல் விரலை நம்புவதில்லை, காகிதத்தைச் சேர்க்கிறார். அந்தக் காகிதத்துக்குப் பணம் கொடுப்பவன் நோயாளி. 2020-ல் கொரோனா வந்ததும், தொலைபேசி வழியாக வைத்தியம் பார்ப்பதற்கு அவ்வருஷம் மார்ச்சு மாதத்திலேயே விதிகள் வெளியாயின. அந்தச் சமயத்துக்கு அது அத்தியாவசியம். தொற்று தணிந்த பின்னும் தொடாத பழக்கம் மட்டும் பல இடங்களில் நின்றுவிட்டது.

படிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2019-ம் வருஷத்துத் தேசிய வைத்தியக் கமிஷன் சட்டம், குடும்ப வைத்தியத்தில் மேற்படிப்பை வளர்க்க வேண்டும் என்று கூறுகிறது. கூறியும், அந்தப் படிப்பு உள்ள கல்லூரிகள் மிகச் சிலவே. நம் வீட்டுப் பிள்ளை டாக்டருக்குப் படித்துவிட்டுக் குடும்ப டாக்டராக இருக்கிறேன் என்றால், "மேலே ஒன்றும் படிக்கவில்லையா?" என்று நாமே கேட்கிறோம். சம்பந்தம் பேச வருகிறவர்களும் அதையே கேட்கிறார்கள். ஊரில் ஆயிரம் குடும்பத்தின் தேகநிலையை மனத்தில் வைத்திருப்பவர் ஒன்றும் படிக்காதவராம். ஒரே ஒரு அவயவத்தின் ஒரு பகுதியை மட்டும் அறிந்தவர் பெரிய படிப்பாளியாம்.

இனி நமது ஊழியர்களுக்கு. அடுத்த மனுவில் ஸ்கான் யந்திரத்தைக் கேளுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அதற்கு மேலே இந்த வரிகளையும் எழுதுங்கள். ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பரிசோதனைப் படுக்கை ஒன்று, அதைச் சுற்றி முழுத் திரை, பரிசோதனை வேளையில் பெண் ஊழியர் ஒருவர். டாக்டருக்குப் பட்டியல் போட்டுக் குடும்பங்களைப் பிரித்துக் கொடுத்தல். மாத்திரையைத் திரும்ப வாங்க மட்டும் வருகிறவர்களை நர்ஸ் கவனிக்கும்படி செய்து, அதனால் மிஞ்சும் நேரத்தைப் புதிய நோயாளிக்கும் வயதானவருக்கும் டாக்டர் செலவிடும்படி செய்தல். இவற்றில் எதற்கும் கோடிக் கணக்கில் பணம் வேண்டியதில்லை. திரைச்சீலைக்கு ஜவுளிக் கடையில் என்ன விலை என்று எல்லோருக்கும் தெரியும்.

ஆண்டுக்குச் சில தடவை கிராம சபை கூடுகிறது. சாலை, சாக்கடை, தெரு விளக்கு ஆகியவற்றைப் பற்றிக் கேட்கிறீர்கள். அடுத்த கூட்டத்துக்குச் சுகாதார நிலையத்து டாக்டரையும் மரியாதையாக அழைத்து மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்த ஊரில் முப்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேருக்கு இந்த வருஷம் ரத்த அழுத்தம் பார்த்தாயிற்று? பாராதவர்களுடைய பெயர்கள் என்ன? மூன்றாவது கேள்விக்குப் பதில் கிடைக்காவிட்டால் டாக்டரின் மேல் பாய வேண்டாம். பட்டியலை எழுதும் வேலையை நீங்களே எடுத்துக்கொண்டு, தெருத் தெருவாகப் போய்ப் பெயர்களை எழுதி, அடுத்த வாரம் அவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.